மஞ்சள் குருவியைக் காணோம் என்றால் கூடு காலி என்று அர்த்தமில்லை

பால்கனி அலங்காரத்துக்காக அறுத்தெடுத்த தூக்கணாங்குருவிக் கூடு ஒன்று, உள்ளே குஞ்சுகளோடு, இந்த வாரமும் என் மேசைக்கு வந்தது. கொண்டுவந்தவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. "நாலு நாளா பார்த்தேன் டாக்டர், மஞ்சக் குருவி வரவே இல்ல. விட்டுட்டுப் போன கூடுன்னு நெனச்சேன்" என்றார். இதே காரணத்தை வேறு வேறு ஆட்கள் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் மனதில் ஒரு படம் ஊறிப்போயிருக்கிறது: ஆணும் பெண்ணும் சேர்ந்து கூடு கட்டும், சேர்ந்தே குஞ்சு வளர்க்கும், அப்பா இரை தேடப் போவார், அம்மா காத்திருப்பார். தூக்கணாங்குருவிக்கு இந்தக் குடும்பப் படம் ஒத்துவராது. கூடு கட்டும் வேலை முழுக்க ஆணுடையது, நீங்கள் பார்க்கும் மஞ்சள் குருவி அதுதான். நெல் தாளையும் புல்லையும் பனையோலையையும் நார் நாராகக் கிழித்து, ஒரு கூட்டுக்கு 500 நடை வரைக்கும் பறக்கிறது. (பக்கத்துக் கூட்டுக்காரன் அசந்த நேரத்தில் அவன் நாரை உருவிக்கொண்டு வருவதும் உண்டு.) ஆனால் ஒரே மூச்சில் கட்டி முடிப்பதில்லை. தாடைப் பட்டையோடு தொங்கும் ஹெல்மெட் மாதிரி ஒரு வடிவம் வந்ததும் நிறுத்திவிடும். பறவை ஆட்கள் அதை ஹெல்மெட் கூடு என்றே சொல்வார்கள்.

நீங்கள் பார்த்து "அரைகுறையா விட்டுட்டுப் போயிடுச்சு" என்று சொல்வது இதைத்தான். விட்டுப் போகவில்லை, பெண் பார்க்க வரட்டும் என்று நிறுத்தியிருக்கிறது. ஆண் அதில் தொங்கிக்கொண்டு சிறகடித்துக் கத்தும். பெண் வந்து உள்ளே நுழைந்து பார்க்கும். கூட்டின் வேலைப்பாட்டைவிட அது தொங்கும் இடம்தான் பெண்ணுக்கு முக்கியம்: உயரமான மரமா, முள் இருக்கிறதா, பாம்பு ஏற முடியாத அளவுக்குக் கிளை மெலிசா. பிடித்தால்தான் ஆண் முட்டை அறையையும் கீழ்நோக்கிய நீளக் குழாயையும் கட்டி முடிக்கும். எந்தப் பெண்ணுக்கும் பிடிக்கவில்லை என்றால் அந்தக் கூடு அப்படியே நின்றுபோகும்.

அப்புறம்தான் நம்மவர்கள் ஏமாறும் இடம். பெண் முட்டையிட்டு உட்கார்ந்ததும் ஆண் அடுத்த கூட்டைக் கட்டப் போய்விடும், அடுத்த பெண்ணை அழைக்க. அடைகாப்பது பெண் மட்டும், 14 முதல் 17 நாள் வரை. குஞ்சுகளுக்கு ஊட்டுவதும் பெரும்பாலும் அதுவே. அந்தப் பெண் மஞ்சளாக இருக்காது. ஊர்க்குருவிப் பெட்டை மாதிரி தவிட்டு நிறத்தில், கண்ணில் படாமல் வந்து போகும். அதாவது, மஞ்சள் குருவி வருவது நின்றுபோன முழுக் கூட்டில்தான் முட்டையோ குஞ்சோ இருக்க அதிக வாய்ப்பு. நீங்கள் காலி என்று முடிவுகட்டுவதும் அதே நேரத்தில்தான்!

இது ஏதோ நேற்று கண்டுபிடித்த விஷயமும் இல்லை. பறவையியலாளர் சலீம் அலி மகாராஷ்டிராவின் கிகிம் கடற்கரைக் கிராமத்தில் உட்கார்ந்து பார்த்து 1931-லேயே எழுதிவிட்டார், ஓர் ஆண் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பெண்களோடு சேர்கிறது என்று. இந்தப் பழக்கம் ஏன் வந்தது என்பதற்கு 1964-ல் ஜான் குரூக் என்ற ஆய்வாளர் ஒரு விளக்கம் கொடுத்தார். தூக்கணாங்குருவியின் குடும்பமான நெசவுக் குருவி இனங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், காட்டுக்குள் பூச்சி பிடித்துத் தின்பவை பெரும்பாலும் ஜோடியாக, தனித்தனியாக, ஒளித்துவைத்த கூட்டில் வாழ்கின்றன. திறந்த வெளியில் விதை தின்பவை கூட்டமாகக் கூடு கட்டுகின்றன, அங்கே ஓர் ஆணுக்குப் பல பெண். விதை கிடைக்கும் இடத்தில் கொட்டிக் கிடக்கிறது, தாய் ஒருத்தியாலேயே சமாளிக்க முடிகிறது. பாதுகாப்பான மரமோ குறைவு, எல்லோரும் அதிலேயே நெருக்கியடிக்க வேண்டும். துணை சேரும் முறையும் ஊர் கூடி வாழும் முறையும் இரையிலிருந்தும் மரத்திலிருந்தும் வந்தவை. ஆணைத் திட்டிப் பயனில்லை, தயவுசெய்து "பொறுப்பில்லாத அப்பன்" என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

நெருக்கியடித்து வாழ்வதால்தான் ஒரு கருவேலங்கிளையை வெட்டினால் ஒரு கூடு போவதில்லை, ஒரு தெருவே போகிறது.

மின்மினிப் பூச்சியைப் பிடித்து விளக்கு வைக்குமாமே என்று கேட்பவர்களுக்கு: வைக்காது. கூட்டின் உள்பக்கம் ஈரக் களிமண்ணை அப்பி வைக்கும். நான் பிரித்துப் பார்த்த கூடுகளில் காய்ந்த மண் இருந்தது, மின்மினி இருந்ததில்லை.

சரி, செய்ய வேண்டியது. கூட்டைத் தொடாதீர்கள், காற்றில் தானாகக் கீழே விழுந்தாலொழிய. பருவம் முடிந்த பழைய கூட்டில் முனியா என்ற சிறு பறவைகள் குடியேறும், ஆகவே அதுவும் உங்களுக்கு இல்லை. சாலையோரத்தில் விற்றால் வாங்காதீர்கள். காட்டுப்பறவையின் கூட்டைக் கலைப்பதையும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே சொல்கிறது. வரப்பு மரத்தின் கிளையைக் கழிக்க வேண்டுமா, குஞ்சுகள் பறந்து போகும்வரை பொறுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஏற்கெனவே வெட்டிவிட்டீர்களா? குஞ்சு அசைகிறது என்றால் அதே மரத்தில், அதே உயரத்தில், குழாய் கீழே பார்க்கும்படி கட்டிவிட்டு விலகிப் போய்த் தூரத்திலிருந்து பாருங்கள். மனிதன் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தவிட்டுநிறப் பெண் வரவில்லை என்றால், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து, கதகதப்பாக, இருட்டாக வைத்து வனத்துறைக்கோ பறவை பார்க்கும் மருத்துவருக்கோ சொல்லுங்கள். வாயில் தண்ணீர் சொட்டாதீர்கள். மூச்சுக்குழாய்த் துளை நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். பால் வேண்டாம், பாலில் நனைத்த பிரெட்டும் வேண்டாம்.