சைக்கிளை மாட்டும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

செங்கோட்டையில் மரவேலை, வெல்டிங் இரண்டும் பார்க்கும் பட்டறை எங்களுடையது. சில வருடங்களாகப் புதிதாக ஒரு வேலை வருகிறது. கியர் சைக்கிளைச் சுவரில் மாட்ட ஏற்பாடு செய்து தரச் சொல்கிறார்கள். விடிவதற்குள் குற்றாலம், புளியரை என்று கிளம்பி, கணவாய் ஏறி ஆரியங்காவு வரை மிதித்துவிட்டு வரும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை வாசலில் விட மனசு வராது. சாரலில் நாலு நாள் நின்றால் செயின் துருப்பிடிக்கும். வீட்டு நடையோ மூன்றரை அடி அகலம்தான். அப்போ சுவர்தான் மிச்சம்.

பெரும்பாலும் ஆன்லைனில் வாங்கிய ரேக்கைப் பெட்டியோடு தூக்கி வருவார்கள். "அண்ணாச்சி, நாலு ஸ்க்ரூதானே, வந்து அடிச்சுக் குடுத்திருங்க" என்பார்கள். "சுவரு எதுல கட்டுனது தம்பி?" என்று கேட்டால் பதில் வராது. வாங்கியது போதுமா, செய்யத்தான் வேண்டுமா என்பதை அந்தச் சுவர்தான் முடிவு செய்யும். அதனால் நான் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் சுவரைப் பார்க்கப் போவேன்.

ஒரு வீட்டில் எங்களைக் கூப்பிட்டதே ரேக் விழுந்த பிறகுதான். மாடியில் புதிதாக எடுத்த அறை, ஹாலோ பிளாக் சுவர். திருகு பிடிப்பதற்காக ஓட்டைக்குள் திணிக்கும் பிளாஸ்டிக் கட்டை பெட்டியிலேயே வரும், அதையே போட்டு முடுக்கியிருக்கிறார்கள். மூன்று வாரம் நின்றிருக்கிறது. ஒரு ராத்திரி சைக்கிள், ரேக், பூச்சு எல்லாம் சேர்ந்து கட்டில் மேல் விழுந்திருக்கிறது. அன்றைக்கு ஆச்சி ஊருக்குப் போயிருந்ததால் கட்டில் காலி. உடைந்த இடத்தில் கையை விட்டுப் பார்த்தேன். பிளாக்கின் ஓடு ஒரு அங்குலம்கூட இல்லை, அதற்கு அப்பால் வெறும் பொந்து. அந்தக் கட்டை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்று ஒரு பெரியவர் வந்தார். பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் காலில் கட்டும் நீளப் பலகைகள், ஸ்கீ என்பார்கள், அவற்றை வரிசையாகச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். வட அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளுக்கு உள்சுவர் ஜிப்சம் பலகை. அதற்குப் பின்னால் 16 அங்குலத்துக்கு ஒன்றாக மரச்சட்டம் நிற்கும். திருகு அந்தச் சட்டத்தில் ஏறுகிறது. பல ரேக்குகளின் ஓட்டை இடைவெளியே அந்த 16 அங்குலத்தை வைத்துத்தான். அந்த ஊர்ச் சுவருக்கு எழுதிய குறிப்புத்தாள் நம் செங்கல் சுவருக்கு உதவாது. இன்னொன்று, ஒரு ஜோடி ஸ்கீ ஆறேழு கிலோ இருக்கும், சுவரை ஒட்டியே தொங்கும். சைக்கிள் 15, 16 கிலோ. ஹேண்டில்பார் இடிப்பதால் சுவரை விட்டு ஓர் அடிக்கு மேல் தள்ளித்தான் நிற்கும்.

இந்த 'தள்ளி நிற்பது'தான் ஆளை ஏமாற்றுகிறது. 16 கிலோ சைக்கிள் சுவரிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளித் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேக்கின் தகட்டில் மேல் ஓட்டைக்கும் கீழ் ஓட்டைக்கும் நடுவே 10 சென்டிமீட்டர்தான். அப்போது மேல் திருகைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுப்பு 16 × 35 ÷ 10, அதாவது 56 கிலோ. அதே தகடு 30 சென்டிமீட்டர் உயரமாக இருந்தால் இழுப்பு 19 கிலோவுக்குள் அடங்கிவிடும். இது சைக்கிள் சும்மா தொங்கும்போது உள்ள கணக்கு. மிதித்துக் களைத்து வந்து தொப்பென்று மாட்டும்போதும், சின்னப் பிள்ளை டயரைப் பிடித்துத் தொங்கும்போதும் பல மடங்கு ஏறும். கடையில் 'இத்தனை கிலோ தாங்கும்' என்று போட்டிருப்பது இரும்பின் பலம். சுவரின் பலத்தை அவர்கள் எப்படிச் சொல்ல முடியும்? அதனால் ரேக் வாங்கும்போது தகட்டின் உயரத்தை முதலில் அளந்து பாருங்கள்.

சரி, சுவர் எது என்று கண்டுபிடிப்பது எப்படி? விரல் முட்டியால் தட்டுங்கள், பொந்து இருந்தால் சத்தத்திலேயே தெரியும். பிறகு ரேக் மறைக்கப்போகும் இடத்தில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டு, விழும் தூளைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல். சாம்பல் நிறமாக, பிட் திணறித் திணறி இறங்கினால் கான்கிரீட் அல்லது சாலிட் பிளாக். வெள்ளையாக மாவு போல வந்தால் இப்போது அதிகம் புழங்கும் ஏஏசி பிளாக், காற்றுக் குமிழி நிறைந்த எடை குறைந்த கல். பிட் திடீரென்று உள்ளே வழுக்கினால் ஹாலோ பிளாக். புனலூர் பக்கம் வேலைக்குப் போகும்போது வெட்டுகல், அதாவது செம்புறைக்கல் சுவர் வரும். கல்லுக்குக் கல் கெட்டி மாறும், ஒரு ஓட்டையை நம்பி முடிவெடுக்க முடியாது.

பழுப்பாக மண்ணே கொட்டினால் அதோடு நிறுத்திவிடுங்கள். இந்த ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. அந்தக் காலத்து வீடுகள் இன்னும் இருக்கின்றன. சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும், பார்க்கக் கோட்டை மாதிரி. உள்ளே செங்கலை மண் சாந்தில் அடுக்கியிருப்பார்கள். தொழில் பழகின புதிதில் அப்படி ஒரு சுவரில் பாத்திர அலமாரி மாட்டினேன். ஆடிச் சாரலில் சுவர் ஈரம் குடித்து, அலமாரி கட்டையோடு கழன்று வந்துவிட்டது. கீழே நின்ற அந்த வீட்டு அம்மாவுக்குத் தோளில் அடி. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்றைக்கும் அது மனசை உறுத்துகிறது.

சிமெண்ட் சாந்தில் கட்டிய செங்கலோ கான்கிரீட்டோ இருந்தால் தாராளமாக வாங்குங்கள். செய்வதைவிட மலிவாகவே முடியும். ஆனால் பெட்டியில் வரும் திருகையும் கட்டையையும் ஒதுக்கிவிட்டு, நல்ல நைலான் கட்டையும் கனமான திருகும் ஹார்டுவேர் கடையில் தனியாக வாங்குங்கள். கான்கிரீட் பீம் கிடைத்தால் ஆங்கர் போல்ட் போடலாம். செங்கலில் ஆங்கரை முடுக்கினால் அது விரிந்து கல்லையே பிளக்கும். பூச்சின் கனத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், கட்டை முழுக்கக் கல்லுக்குள் இறங்க வேண்டும். இரண்டு கல்லுக்கு நடுவே சாந்தில் ஓட்டை விழுந்தால் இடம் மாற்றிப் போடுங்கள். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் டிரில் வைக்கவே கூடாது, வயர் அந்த வழியாகத்தான் போகும்.

ஹாலோ பிளாக், ஏஏசி, மண் சாந்து என்றால் செய்துகொள்ளச் சொல்வேன். நாங்கள் செய்வது எளிமையான ஒன்றுதான். ஒன்றரை அங்குல ஸ்கொயர் பைப்பில் இரண்டு கால்கள் தரை வரை இறங்கும். அடியில் முன்பக்கமாக ஒரு முழம் பாதம் நீளும். மேலே சைக்கிளின் குறுக்குக் கம்பியைத் தாங்க இரண்டு கைகள். பாரம் முழுக்கத் தரைக்குப் போய்விடும். சுவருக்குச் சாயாமல் பிடித்துக்கொள்கிற வேலை மட்டும். வாடகை வீட்டுக்காரர்களுக்கும் இதுதான் வசதி, காலி பண்ணும்போது தூக்கிக்கொண்டு போகலாம்.

செய்யச் சொல்கிறவர்கள் வெல்டிங் இடங்களைத் தட்டிச் சுத்தம் பண்ணி, ரெட் ஆக்சைடு அடித்து, அப்புறம் பெயிண்ட் அடிக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பைப்பின் வாயை அடைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஈரம் உள்ளே போய் உள்ளிருந்தே அரிக்கும். கைகளுக்குப் பழைய சைக்கிள் ட்யூப்பைச் சுற்றினாலே போதும். கடை ரேக்கில் வரும் ஸ்பான்ஜ் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அடியில் துரு ஓடுவது வெளியே தெரியாது.

மரத்தில் வேண்டும் என்றால் அயினி நல்லது. பழைய வீடு இடித்த தேக்குச் சட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது. ரப்பர் மரம் நம் பக்கம் மலிவாகக் கிடைக்கும். மருந்து ஏற்றாததாக இருந்தால் சீக்கிரமே உளுத்துப்போகும். பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம், ஈரம் பட்டால் திருகு நிற்காது.

மாட்டி முடித்ததும் தகட்டைச் சுற்றிச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு வருவது எங்கள் வழக்கம். ஒரு மாதம் கழித்தும், ஆனி ஆடிச் சாரல் முடிந்த பிறகும் அந்தக் கோட்டைப் பாருங்கள். தகடு கோட்டை விட்டு ஒரு நூல் இறங்கியிருந்தாலும் சைக்கிளை அன்றைக்கே கீழே எடுத்து வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.