பெடிகிரி முறை: நாரைக்காலிலிருந்து கால்வழிக்கு

நாய்க்குட்டி வாங்கப் போகிறவர் கேட்கும் 'பெடிகிரி', அதாவது குலப்பட்டியல்தான் வேளாண் கல்லூரிப் பாடத்திலும் வருகிறது. மூலம் பழைய பிரெஞ்சு: 'நாரையின் கால்' என்று பொருள். குலப்பட்டியல் எழுதியவர்கள் பெற்றோர் பெயரிலிருந்து பிள்ளைகள் பெயருக்கு இழுத்த கோடுகள் நாரைத் தடம்போலக் கிளைத்திருந்தன. 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது.

பயிரில் இதன் பொருள், கலப்புக்குப் பின் ஒவ்வொரு செடிக்கும் தாய்ச்செடி எது என்று எழுதிவைத்துத் தேர்ந்தெடுப்பது. உளுந்தை எடுத்துக்கொள்வோம். தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். பூ விரியுமுன்பே மகரந்தம் கொட்டிவிடும். அதனால் மாலையிலேயே மொட்டைப் பிரித்து, இடுக்கியால் மகரந்தப்பைகளை எடுத்துவிட்டு, மறுநாள் காலை வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவுகிறார்கள். தொட்ட மொட்டுகளில் பாதிக்கு மேல் உதிர்ந்தாலும் வியப்பில்லை. பிழைத்த விதையின் இரண்டாம் தலைமுறையில்தான் குணங்கள் பிரியும். தேர்வு அங்கே தொடங்கும். 14ஆம் வரிசையின் 6ஆம் செடி, அதன் பிள்ளைகளில் 3ஆவது என்றால் பதிவேட்டில் 14-6-3.

மஞ்சள் தேமல் நோய்க்கு இது நல்ல வழி. வெள்ளை ஈ பரப்பும் அந்நோய் வந்த செடி கண்ணுக்கே தெரியும், பிடுங்கிவிடலாம். விளைச்சலுக்கு அப்படியல்ல, ஒற்றைச் செடியில் நிறையக் காய் இருப்பது மண்ணின் தயவாகவும் இருக்கலாம்.

எழுத்து வேலையே வேண்டாமென்று எல்லா விதையையும் கலந்து விதைப்பது மொத்த முறை. செலவு குறைவு. ஆனால் படர்ந்து வளரும் செடிகள் குட்டைச் செடிகளை அமுக்கிவிடும். உளுந்தில் நமக்கு வேண்டியதோ குட்டையாக, ஒருசேர முதிர்வது. மூன்றாவது முறை, செடிக்கு ஒரு விதை மட்டும் எடுத்துத் தலைமுறைகளை வேகமாகக் கடத்துவது. கனடாவின் ஆய்வாளர் கோல்டன் 1939இல் சொன்ன யோசனை. 1966இல் அமெரிக்க ஆய்வாளர் பிரிம் சோயாவில் செய்து, 'திருத்திய பெடிகிரி முறை' என்றார். ஆறாம் தலைமுறையில் கலப்புநிலை (ஒரே குணத்துக்கு இருவேறு மரபணு வடிவங்கள் சேர்ந்திருப்பது) சுமார் 3 விழுக்காடாகிவிடும், தேர்வு அதன்பிறகுதான். 70 நாள் பயிருக்கு எனக்கு இதுவே பிடிக்கிறது.

பெடிகிரி முறைக்குத் தமிழில் 'வம்சாவளி முறை' புழங்குகிறது; வம்சம், ஆவளி (வரிசை) இரண்டும் வடசொல். 'கொடிவழி' அழகுதான், ஆனால் அவரைக்கும் மொச்சைக்கும் பேசும்போது குழப்பும். சந்ததியைக் குறிக்கும் 'கால்வழி' நம்மிடமே இருக்கிறது, அதிலும் ஒரு கால்! எனவே பெடிகிரி முறையைக் கால்வழித் தேர்வு என்பேன். பிரிமின் முறையை ஒருவிதைக் கால்வழி என்பேன்.