பயோடைனமிக் முத்திரை தோட்டத்துக்குத்தான், குடிப்பவரின் உடம்புக்கு அல்ல

“இது பயோடைனமிக் ஒயின்தானே, தலைவலி வராதல்லவா?” உணவகத்தில் ஒயின் பரிமாறும் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. பயோடைனமிக் என்பது இயற்கை வேளாண்மையில் ஒரு தனி வகை. அப்படி விளைந்த திராட்சையின் ஒயின் அந்த முத்திரையோடு வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் காய்கறியைக்கூட இயற்கை அங்காடியில் தேடி வாங்குபவர்கள். அந்த நம்பிக்கையை அப்படியே பாட்டிலின் மீதும் வைத்துவிடுகிறார்கள். யாரையும் குடிக்கச் சொல்லி இதை நான் எழுதவில்லை. குடிப்பவர்கள் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கட்டும்.

பிரான்ஸின் போஜோலே வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். லியோன் நகருக்கு வடக்கே, சோன் ஆற்றுக்கு மேற்கே எழும் குன்றுகள் அது. அங்கே சிவப்பு ஒயின் என்றால் காமே என்ற திராட்சைதான். 1395இல் பர்கண்டியின் பிரபு பிலிப் இந்தக் கொடியைத் தன் நிலங்களிலிருந்து பிடுங்கி எறிய ஆணையிட்டார். விளைச்சல் அதிகம், தரம் மட்டம் என்பது அவர் கட்சி. சுண்ணாம்பு மண்ணைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் தெற்கே, வட போஜோலேயின் கருங்கல் மண்ணில் அதே கொடி வேறு குணம் காட்டியது. ஃப்ளூரி, மோர்கோன், மூலான்-ஆ-வான் என்று பத்துப் பகுதிகள் இன்று தத்தம் பெயரிலேயே ஒயின் விற்கின்றன.

இந்த ஒயினின் பழ மணத்துக்குத் திராட்சை மட்டும் காரணமல்ல, செய்முறையும் காரணம். குலைகளை நசுக்காமல் முழுதாகத் தொட்டியில் கொட்டுகிறார்கள். அடியில் உள்ளவை பாரம் தாங்காமல் உடைந்து நொதிக்கின்றன. அதிலிருந்து எழும் கரியமில வாயு தொட்டியை நிரப்ப, மேலே உடையாமல் இருக்கும் பழங்களுக்குள்ளேயே ஈஸ்ட்டின் துணையின்றி நொதித்தல் தொடங்குகிறது. ஸ்ட்ராபெரி, செர்ரி, சில சமயம் வாழைப்பழ மணம்கூட வருவது இப்படித்தான். துவர்ப்பும் குறைவு. தொண்டையில் பழச்சாறுபோல இறங்கும்.

சிக்கலும் அங்கேதான். பழம் மணக்கிறதே தவிர, சர்க்கரை பெரும்பாலும் ஆல்கஹாலாக மாறியிருக்கும். 13 சதவீத ஒயின் 150 மில்லி ஊற்றினால் அதில் ஏறக்குறைய 15 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. துவர்ப்பு மிகுந்த ஒயினை மெதுவாக உறிஞ்சும் ஆள், இதை இரண்டே மிடறில் காலி செய்துவிட்டு அடுத்த கோப்பைக்குக் கைகாட்டுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

இனி முத்திரைக்கு வருவோம். 1924 ஜூன் மாதம், அப்போது ஜெர்மனியில் இருந்த கோபர்விட்ஸ் என்ற ஊரில் ருடால்ஃப் ஸ்டைனர் விவசாயிகளுக்கு எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவர் தத்துவவாதி, உழவர் அல்லர். பயோடைனமிக் முறை பிறந்தது அந்தச் சொற்பொழிவுகளில்தான். பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுவதும் மண்ணில் புதைக்கிறார்கள். பிறகு தோண்டியெடுத்து, அதில் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் இடமும் வலமுமாகக் கலக்கி மண்ணில் தெளிக்கிறார்கள். நிலவின் போக்கைப் பார்த்து வேலை செய்பவர்களும் உண்டு. சாணமும் பஞ்சாங்கமும் அறிந்த நமக்கு இது அவ்வளவு விநோதமாகத் தோன்றாது!

கொம்பால்தான் விளைச்சல் சிறக்கிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் இந்த முறைக்கு மாறிய தோட்டங்களை நான் மதிக்கிறேன். போஜோலேயின் சரிவுகளில் கொடிகள் நெருக்கமாக, புதர்போல நிற்கும். டிராக்டர் நுழைவது கடினம் என்பதால் களைக்கொல்லி அடிப்பதே பல காலம் வழக்கமாக இருந்தது. களையற்ற வெற்று மண்ணை மழை அடித்துக்கொண்டு போனது. பயோடைனமிக் தோட்டக்காரர் களைக்கொல்லியைத் தொடக்கூடாது. வரிசை வரிசையாக நடந்து, உழுது, கொடியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த உழைப்பு மண்ணில் தெரியும்.

ஆனால் ‘மருந்தே அடிக்காதது’ என்று எண்ண வேண்டாம். பூஞ்சைக்குச் செம்பும் கந்தகமும் அங்கேயும் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ வரை செம்பு அடிக்கலாம்.

ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகச் சேர்மமான சல்ஃபைட்டும் அப்படித்தான். நொதிக்கும்போது ஈஸ்ட்டே அதைச் சிறிதளவு உண்டாக்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் லேபிளில் சொல்ல வேண்டும். சர்க்கரை எஞ்சாத சாதாரணச் சிவப்பு ஒயினுக்கு ஐரோப்பிய உச்சவரம்பு 150 மில்லிகிராம், இயற்கை வேளாண்மை ஒயினுக்கு 100. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இது உண்மையிலேயே ஆபத்து, அவர்கள் லேபிளைப் படித்தே தீர வேண்டும். மற்றவர்கள் தலைவலிக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆல்கஹாலைத்தான். உலர்ந்த ஆப்ரிகாட்டில் ஒயினைவிடப் பல மடங்கு சல்ஃபைட் இருக்கலாம். அதைத் தின்றுவிட்டுத் தலைவலி என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை.

‘சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது’ என்ற பேச்சும் கூடவே வரும். மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே சேர்த்துவிட்டது. உடலுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. இதில் பயோடைனமிக் ஒயினுக்குச் சலுகை கிடையாது. பிரான்ஸில் 2007 முதல் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை எல்லா மது பாட்டில்களிலும் கட்டாயம். கொம்புச் சாணம் தெளித்த தோட்டத்து ஒயினாக இருந்தாலும் லேபிளில் அது இருந்தாக வேண்டும்.