"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?"

பக்கவாதம் என்று யாரைக் கூட்டி வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் இருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது: "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து உட்கார்ந்தாரு டாக்டர், அப்பவே கை இழுத்துக்கிச்சு." தப்பான பதில் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு மணி வேண்டும்.

இத்தனைக்கும் நேரத்தை அளப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பக்கத்தில் திருவிசநல்லூர் சிவன் கோயில் சுவரில் சூரியக் கடிகாரம் இருக்கிறது. முள்ளின் நிழல் எங்கே விழுகிறதோ அதுதான் மணி. வெயில் இல்லாதபோது நாழிகை வட்டில். அடியில் சின்னத் துளை போட்ட செம்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் மெல்ல நிரம்பி மூழ்கும், ஒருமுறை மூழ்கினால் ஒரு நாழிகை, நம் கணக்கில் 24 நிமிடம். எகிப்தியர்கள் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே இதைத் தலைகீழாகச் செய்தார்கள், பாத்திரத்திலிருந்து தண்ணீரை ஒழுகவிட்டு. நாளுக்கு 60 நாழிகை என்று நாம் பிரித்தோம். மணிக்கு 60 நிமிடம் என்பது பாபிலோனியர்களின் அறுபதில் இருந்து வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூளை ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தால் அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதாவது பதினொன்றேகால் நாழிகை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதிலிருந்து இல்லை, வாய் கோணிய அந்த நிமிடத்திலிருந்து. அதற்குள் ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்றும் பார்த்தாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன்.

இதில் ராகுகாலம் கழியட்டும் என்று வீட்டிலேயே காத்திருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு மணி நேரப் பகலை எட்டாகப் பிரித்தால் கிடைக்கும் ஒன்றரை மணி அது, மூன்றேமுக்கால் நாழிகை. இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு திண்ணையிலேயே போய்விடும். 108-க்குப் போன் போட நல்ல நேரம் எல்லாம் பார்க்காதீர்கள். ஆஸ்பிரின் இருக்கிறதே என்று வாயில் போடவும் வேண்டாம், கசிவாக இருந்தால் வினை.

தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், கடைசியாக அவரை நல்லபடியாகப் பார்த்தது எப்போது என்று சொல்லுங்கள்.

மணி பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, கூடவே என்ன நடந்தது என்று சொல்லுங்கள். "பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வைக்கிறா, இவரு சொம்பைக் கீழே போட்டுட்டாரு" என்றார் ஒரு அம்மா. பள்ளி வேன் ஓட்டுநருக்குப் போன் போட்டுக் கேட்டோம், பிள்ளையை இறக்கிவிட்டது நாலு இருபதுக்கு. எங்கள் சுவர்க் கடிகாரத்தில் ஆறரை ஆகப்போகிறது. கையில் இன்னும் கிட்டத்தட்ட ஆறு நாழிகை இருந்தது.