‘யூஎஃப்டபிள்யூ பிளாக்’: லாகில் வரும் அந்த வரியை எப்படிப் படிப்பது?

போன மாதம் ஒருநாள் இரவு 11 மணிக்கு போன். ஒரு சின்ன அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. "அண்ணா, யாரோ ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை உள்ள வரப் பாக்குறாங்க. நெட் கேபிளைப் பிடுங்கிட்டேன்" என்றார். குரலில் நடுக்கம். லாகை, அதாவது சர்வர் எழுதி வைக்கும் பதிவை, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

உபுண்டு என்ற லினக்ஸில் ஓடும் சர்வர். அதில் வேண்டாத போக்குவரத்தைத் தடுக்கும் ஃபயர்வால்தான் யூஎஃப்டபிள்யூ. திரை முழுக்க ‘யூஎஃப்டபிள்யூ பிளாக்’ என்று தொடங்கும் வரிகள். அனுப்பிய முகவரி 192.168.1.1. போய்ச்சேர வேண்டிய முகவரி 224.0.0.1. புரோட்டோகால் 2. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் சரியாக 125 நொடி இடைவெளி.

192.168.1.1 அவர்கள் அலுவலகத்து ரூட்டர்தான். 224.0.0.1 என்பது அந்த நெட்வொர்க்கில் உள்ள எல்லாக் கருவிகளுக்குமான பொது முகவரி. புரோட்டோகால் 2 என்றால் ஐஜிஎம்பி. மல்டிகாஸ்டுக்கானது, அதாவது ஒரே தகவலைப் பல கருவிகளுக்கு ஒன்றாக அனுப்புவதற்கானது. "மல்டிகாஸ்ட் யாருக்காவது வேண்டுமா?" என்று ரூட்டர் எல்லாரையும் கேட்கிறது. அப்படிக் கேட்பதற்கு வழக்கமாக வைத்திருக்கும் இடைவெளியே 125 நொடிதான். 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளுக்கான பாக்கெட்டை (தகவல் துண்டை) ரூட்டர்கள் அடுத்த நெட்வொர்க்குக்குக் கடத்துவதில்லை. அதனால் வெளியாள் யாரும் இதில் இல்லை. இதைச் சொன்ன பிறகுதான் தம்பி கேபிளைத் திரும்பச் செருகினார்.

இதே வகையில் இன்னும் சில உண்டு. போர்ட் என்பது ஒரு கருவியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள கதவு எண். 224.0.0.251, போர்ட் 5353 என்று வந்தால் பிரின்டரோ போனோ தன் பெயரை அறிவிக்கிறது. 239.255.255.250, போர்ட் 1900 என்றால் டிவி போன்ற கருவிகள் ஒன்றையொன்று தேடுகின்றன. எம்ஏசி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) என்ற இடத்தில் 14 ஜோடி எழுத்துகள் இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். முதல் 6 ஜோடி பெறுபவருடையது, அடுத்த 6 அனுப்பியவருடையது, கடைசியில் வரும் 08:00 என்பது ஐபிவி4 என்பதற்கான குறி. இணையத்திலிருந்து வரும் பாக்கெட்டில் அந்த ‘அனுப்பியவர்’ உங்கள் ரூட்டர்தான். அந்த எம்ஏசியை வைத்துத் தாக்கியவரைப் பிடிக்க முடியாது.

அதிகம் பயமுறுத்தும் இன்னொரு வரி: அனுப்பிய போர்ட் 443 (இணையதளங்கள் பயன்படுத்துவது), வந்து சேர்ந்த போர்ட் 50,000-க்கு மேல் ஏதோ ஒரு எண், முகவரி ஒரு பெரிய நிறுவனத்துடையது. இதில் போர்ட்டை விட்டுவிட்டு ஃபிளாகை, அதாவது பாக்கெட் எதற்கு வந்தது என்று காட்டும் குறியை, பாருங்கள். ‘சின்’ மட்டும் இருந்தால் யாரோ புதிதாகக் கதவைத் தட்டுகிறார்கள். ‘ஏசிகே ஃபின்’ அல்லது ‘ஆர்எஸ்டி’ என்று இருந்தால், பெரும்பாலும் நீங்களே தொடங்கி முடித்த இணைப்பின் கடைசிப் பாக்கெட் தாமதமாக வந்திருக்கிறது. முடிந்த இணைப்பை லினக்ஸ் வழக்கமாக 120 நொடிதான் நினைவில் வைத்திருக்கும். கடை ஷட்டரை இறக்கிய பிறகு வந்த கூரியர் மாதிரி. ஃபயர்வாலுக்கு ஆள் அடையாளம் தெரியாததால் திருப்பி அனுப்பிவிட்டது.

சரி, உண்மையிலேயே தட்டுபவர்கள் இல்லையா? நிறையவே இருக்கிறார்கள். ஒரு கிளவுட் சர்வரைப் புதிதாகத் திறந்தாலே கொஞ்ச நேரத்தில் தொலைவிலிருந்து உள்ளே நுழைவதற்கான 22, 23, 3389 என்ற போர்ட்களில் தட்டல் ஆரம்பமாகிவிடும். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான இசட்மேப் என்ற கருவி, ஐபிவி4 முகவரிகள் முழுவதையும் ஒரே கணினியிலிருந்து 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்க முடியும் என்று காட்டியது. 2016-இல் மிராய் என்ற தீங்கான மென்பொருள் வந்தபோது போர்ட் 23-ஐத் தட்டியவை பெரும்பாலும் வாங்கும்போதே இருந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களும் ரூட்டர்களும். உங்களைக் குறிவைத்து யாரும் வரவில்லை; தெருவில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டு போகிறார்கள். ‘பிளாக்’ என்று இருக்கிறதென்றால் கதவு திறக்கவில்லை என்று பொருள்.

வரிகளை எண்ணி "இன்று 4,000 தாக்குதல்" என்று ரிப்போர்ட் எழுதுபவர்களுக்கு ஒரு விஷயம். யூஎஃப்டபிள்யூ அதன் வழக்கமான ‘லோ’ அளவில் எல்லாவற்றையும் எழுதுவதில்லை. முதலில் 10 வரி வரை எழுதும். அதன் பிறகு நிமிடத்துக்கு 3 வரிதான். லாகில் இருப்பது மொத்தக் கணக்கு அல்ல.

இப்போது நான் உண்மையாகவே பயந்த ஒரு வரி. வேறொரு அலுவலகம். லாகில் வழக்கம்போல ஆயிரக்கணக்கான வரிகள். அவர்களுக்குப் பழகிப்போய் யாரும் பார்ப்பதில்லை. நான் 192.168 என்று தொடங்கும் முகவரிகளை மட்டும் பிரித்துப் பார்த்தேன். 192.168.1.37 என்ற முகவரியிலிருந்து சர்வரின் போர்ட் 445 (விண்டோஸில் ஃபைல் பகிர்வது), அடுத்த நொடி 3389, அதற்கடுத்து 22. மூன்றிலும் ‘சின்’. சில நிமிடம் கழித்து மறுபடியும் அதே வரிசை. அது பில் போடும் கணினி. அதற்கு இந்த சர்வரில் எஸ்எஸ்ஹெச் (போர்ட் 22) வழியாக நுழைய எந்தத் தேவையும் இல்லை. யாரோ திருட்டு மென்பொருள் ஒன்றை அதில் நிறுவியிருக்கிறார்கள். அதோடு வந்தது பக்கத்துக் கணினிகளைத் தேட ஆரம்பித்துவிட்டது. உடனே அந்தக் கணினியை நெட்வொர்க்கிலிருந்து கழற்றினோம். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியதும் இதே 445 வழியாகத்தான்.

அதனால்தான் லாகைத் திறந்ததும் அனுப்பிய முகவரி உள்ளேயா வெளியேயா என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன். அப்புறம் ‘இன்’, ‘அவுட்’ என்ற இரண்டு இடங்கள். ‘இன்’ காலியாக, ‘அவுட்’டில் மட்டும் நெட்வொர்க் கார்டின் பெயர் இருந்தால் பாக்கெட் உங்கள் சர்வரிலிருந்தே கிளம்பியிருக்கிறது. ஆனால் யூஎஃப்டபிள்யூ வழக்கமாக வெளியே போவதைத் தடுப்பதில்லை. நீங்களாகத் தடுத்து வைத்திருந்தால்தான் இந்த வரியே வரும்.

லாகில் வராமலே போவதும் உண்டு. டோக்கர் என்பது மென்பொருள்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி. அதில் ஒரு கன்டெய்னரின் போர்ட்டை வெளியே திறந்துவிட்டால், அந்தப் போக்குவரத்து யூஎஃப்டபிள்யூ விதிகளைத் தொடாமலே போய்விடும். டோக்கரின் ஆவணங்களிலேயே இது எழுதியிருக்கிறது. ஒருமுறை நானே பார்த்தேன்: ஃபயர்வால் ‘ஆக்டிவ்’, லாகில் சந்தேகப்பட எதுவும் இல்லை, ஆனால் ரெடிஸ் என்ற டேட்டாபேஸின் போர்ட் 6379 இணையம் முழுவதற்கும் திறந்து கிடந்தது. பாஸ்வேர்டும் இல்லை. என் போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து, வெளியாளாக அந்த போர்ட்டைத் தட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 (அந்த சர்வருக்குள் மட்டும் செல்லும் முகவரி) என்று சேர்த்து கன்டெய்னரை மறுபடி கிளப்பினோம். அதே ஹாட்ஸ்பாட்டிலிருந்து திரும்பத் தட்டினேன். இந்த முறை இணைப்பு கிடைக்கவில்லை.