விண்டோவின் சட்டத்தைப் பார்த்து கொட்டேஷன் கொடுக்காதீர்கள்

பழைய புரோகிராமைப் புது மெஷினுக்கு மாற்ற வழி கேட்டு, போன வாரம் இன்னொரு போட்டோ வந்தது. ஒரு பொறியியல் நிறுவனத்தில் சோலாரிஸ் 8 (சன் நிறுவனத்தின் யூனிக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம்) ஓடும் பழைய சன் ஒர்க்ஸ்டேஷனின் திரை, கைப்பேசியில் எடுத்தது. "மோட்டிஃப் புரோகிராம்தான் சார், சோர்ஸ் இருக்கிறது. லினக்ஸில் கம்பைல் பண்ண இரண்டு வாரம் போதும் என்று ஒருவர் முன்பணம் வாங்கினார். ஒரு மாதம் ஆகிவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை" என்று கூடவே ஒரு செய்தி. (மோட்டிஃப் என்பது பட்டன், மெனு போன்றவற்றை வரைந்து தரும் தொகுப்பு; சோர்ஸ் என்பது மூல நிரல்.)

ஒரு புரோகிராம் எந்த லைப்ரரிகளை நம்பி ஓடுகிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையை ஓடவிட்டு, வருவதை அப்படியே அனுப்பச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் வந்தது. மோட்டிஃபின் லைப்ரரியான லிப்-எக்ஸ்எம் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. லிப்-எக்ஸ்வியூ, லிப்-ஓஎல்ஜிஎக்ஸ் என்று இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டும் மோட்டிஃபுக்குப் போட்டியாக இருந்த ஓப்பன் லுக்கின் லைப்ரரிகள். அது ஓப்பன் லுக் புரோகிராம். ஒரு மாதம் வீண்.

போட்டோவைப் பெரிதாக்கினால் அதிலேயே தெரிகிறது. விண்டோவைச் சுற்றித் தடித்த, மேடு தட்டிய சட்டம்; அது மோட்டிஃப் பாணியிலான சிடிஇ என்ற டெஸ்க்டாப்பின் விண்டோ மேனேஜர் போட்டது. ஆனால் உள்ளே திறந்திருந்த மெனுவின் மேல் மூலையில் ஒரு சின்னக் குண்டூசி. ஓப்பன் லுக்கில் அதைக் குத்திவிட்டால் மெனு மூடாமல் திரையிலேயே நிற்கும். மோட்டிஃபில் அந்த வேலைக்கு மெனுவின் தலையில் விட்டு விட்டுப் போட்ட ஒரு கோடுதான் வரும், ஊசி வராது.

எத்தனை தடவை சொன்னாலும் இது மட்டும் ஏறுவதில்லை: எக்ஸ் வேறு, மோட்டிஃப் வேறு. எம்ஐடியில் 1984-இல் தொடங்கிய எக்ஸ் விண்டோ சிஸ்டம், திரையில் ஒரு செவ்வகத்தை ஒதுக்கித் தரும். கோடும் எழுத்தும் வரையும். மவுஸ் எங்கே அழுத்தப்பட்டது என்று சொல்லும். பட்டன் எப்படித் தெரிய வேண்டும், மெனு எதைத் தொட்டால் திறக்க வேண்டும் என்பதில் அது தலையிடாது. வேண்டுமென்றேதான் அப்படி விட்டார்கள். உள்ளே இருப்பதை வரைவது டூல்கிட்: மோட்டிஃப், ஓப்பன் லுக்கின் எக்ஸ்வியூ, ஓலிட் எல்லாம் இந்த வகை. வெளிச்சட்டத்தைப் போடுவது விண்டோ மேனேஜர் என்ற தனி புரோகிராம். அதனால் மோட்டிஃப் சட்டத்துக்குள் ஓப்பன் லுக் ஓடும், ஓப்பன் லுக் சட்டத்துக்குள் மோட்டிஃப் ஓடும். காம்பவுண்டு சுவரைப் பார்த்துவிட்டு, உள்ளே கேஸ் அடுப்பா விறகடுப்பா என்று சொல்ல முடியுமா?

எக்ஸ் விட்டுவைத்த அந்த இடத்துக்குத்தான் 1988-இல் சண்டை. சன்னும் ஏடி அண்ட் டியும் சேர்ந்து ஓப்பன் லுக்கை அறிவித்தன. இருவரும் யூனிக்ஸையே தங்கள் பக்கம் இழுத்துவிடுவார்கள் என்று பயந்த ஐபிஎம், எச்பி, டெக் முதலியவை அதே ஆண்டு ஓஎஸ்எஃப் (ஓப்பன் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன்) அமைப்பைத் தொடங்கி, 1989-இல் மோட்டிஃபை வெளியிட்டன. எக்ஸ்வியூவின் சோர்ஸ் இலவசம், மோட்டிஃபுக்கு உரிமக் கட்டணம். அப்படியும் மோட்டிஃப்தான் ஜெயித்தது. ஓப்பன் லுக் தரத்தில் குறைந்தது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதன் பின்னால் நின்ற கம்பெனிகள் குறைவு, அவ்வளவுதான். 1993-இல் சன்னும் மோட்டிஃபுக்கு வந்தது, அந்த உடன்பாட்டில் பிறந்ததுதான் சிடிஇ. ஆனால் அதற்குள் எழுதிய ஓப்பன் லுக் புரோகிராம்கள் சிடிஇ-க்குள்ளேயே பல ஆண்டு ஓடின. இன்று வரும் போட்டோக்களில் உள்ள குழப்பம் அங்கே தொடங்கியது.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை, செலவே மாறும். மோட்டிஃப் 2012 முதல் எல்ஜிபிஎல் என்ற கட்டணமில்லாத திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. சோர்ஸ் கையில் இருந்தால் பெரும்பாலும் கம்பைல் செய்து, சில்லறைப் பிழைகளைத் திருத்தினால் போதும். எக்ஸ்வியூ அப்படி இல்லை. பாயிண்டரும் (மெமரி முகவரி) முழு எண்ணும் ஒரே அளவு என்று நம்பி எழுதப்பட்டது அது. 64 பிட்டில் பாயிண்டர் பாதியாக வெட்டுப்பட்டு புரோகிராம் விழுந்துவிடும். 32 பிட்டாகவே ஓட்ட வேண்டும், இல்லையென்றால் திரைகளை மாற்றி எழுத வேண்டும்.

அப்புறம், "எக்ஸ் போகிறது, எல்லாவற்றையும் உடனே மாற்றி எழுதுங்கள்" என்று பயமுறுத்துகிறவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 10-இல் தனியான எக்ஸ் சர்வர் இல்லை என்பது உண்மை. எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டில் பழைய எக்ஸ் புரோகிராம்களை ஓடவைக்கும் எக்ஸ்வேலண்ட் இருக்கிறது என்பதும் உண்மை. மோட்டிஃப் புரோகிராம் அதில் ஓடும். (வேலண்டிலும் லினக்ஸ் டெஸ்க்டாப்புகளுக்கு நடுவே பழைய தகராறு தொடர்கிறது. சட்டத்தை அந்தந்த புரோகிராமே வரையட்டும் என்கிறது க்னோம், டெஸ்க்டாப்பும் வரையலாம் என்கிறது கேடிஇ.)

எந்த முடிவுக்கும் முன்னால் எல்டிடி. லைப்ரரிகளை உள்ளேயே சேர்த்துக் கட்டியிருந்தால் அதில் ஒன்றும் தெரியாது. சோர்ஸில் எந்த ஹெடர் கோப்புகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 8 பிட் வண்ணத் திரையையே எதிர்பார்க்கும் புரோகிராமா என்று சோதியுங்கள், இல்லையேல் புதிய திரையில் தொடங்கும்போதே நின்றுவிடும். புதியது சரியாக ஓடும்வரை பழைய மெஷினைக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள், தயவுசெய்து. முக்கியமாக, தினமும் அதில் உட்காருகிறவரிடம் பேசுங்கள். கொட்டேஷன் கொடுக்கிறவர்கள் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இந்த நிறுவனத்தில் அந்த புரோகிராமை வருடக்கணக்காக ஓட்டும் பெரியவர் ஒருவரிடம் போனில் கேட்டேன்: "ஐயா, எந்த மெனுவையெல்லாம் ஊசி குத்தி வைப்பீர்கள்?" யோசிக்காமல் மூன்று பெயர் சொன்னார். இப்போதைக்கு 32 பிட்டில் ஓடவைத்திருக்கிறோம். திரைகளை மாற்றி எழுதும்போது அந்த மூன்றும் மூடாத பலகைகளாக வலது ஓரத்தில் இருக்கும்.