கொறங்காட்டுப் புல் கன்றுக்குப் பால் ஆகாது

கடந்த வாரம் தாராபுரம் வட்டத்தில் ஒரு தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். நான்கு மாதக் காங்கேயம் காளைக்கன்று ஒன்று, வயிறு பானைபோல் தொங்க, விலா எலும்புகளை எண்ணிவிடலாம் என்ற நிலையில், கொறங்காடு எனும் மானாவாரி மேய்ச்சல் நிலத்தின் கிளுவை வேலியோரம் மண்ணை நக்கிக்கொண்டு நின்றது. சாக்குத் தூளியில் கட்டித் தராசில் தொங்கவிட்டால் 34 கிலோ. பிறக்கும்போதே 20 கிலோவை ஒட்டி இருந்திருக்கும். நான்கு மாதத்தில் நாளுக்கு 120 கிராம்கூட ஏறவில்லை. "காட்டுல புல்லு கெடக்குதுங்க டாக்டர், அது மேஞ்சுக்கும்" என்றார் தோட்டத்துக்காரர். இதே பதிலை இந்த ஆண்டில் எத்தனை கட்டுத்தறிகளில் கேட்டேன் என்ற கணக்கை நான் விட்டுவிட்டேன்.

மேய்ந்துகொள்ளாது. இரண்டு வாரக் கன்று புல்லைக் கடிப்பது உண்மைதான். ஆனால் கடிப்பது வேறு, அதிலிருந்து சத்தெடுப்பது வேறு. முதல் இரண்டு மாதங்களில் கன்றின் உடம்பில் ஏறுவது ஏறக்குறைய முழுவதும் தாய்ப்பால்தான். மூன்றாம் மாதத்தை ஒட்டித்தான் புல்லைச் செரிக்கும் அசையூண் வயிறு ஓரளவு வேலை செய்யத் தொடங்குகிறது, அப்போதும் அதற்கு இளம்புல் வேண்டும். சித்திரை வெயிலில் காய்ந்து நார் ஏறிய கொழுக்கட்டைப் புல்லைத் தாய் மாடு செரித்துக்கொள்ளும். கன்றோ வயிற்றை நிரப்பிக்கொள்ளுமே தவிர வளராது. அந்தப் பானை வயிற்றைப் பார்த்துவிட்டு "நல்லாத் திங்குதுங்க" என்று பெருமைப்படுகிறவர்களிடம் நான் என்ன சொல்வது? பாதி நார், மீதி குடற்புழு.

காங்கேயம் மாடு பாலுக்கான இனமன்று. ஓர் ஈற்றில் சராசரியாக 540 கிலோ அளவில்தான் கறக்கும். கன்று வளர அது போதும். ஆனால் நாட்டு மாட்டுப் பாலுக்கு நகரத்தில் விலை கிடைக்கத் தொடங்கியதிலிருந்து, கன்றைச் சுரப்புக்கு மட்டும் ஊட்டவிட்டு, மடி இறங்கியதும் இழுத்துக் கட்டிவிட்டு, ஒட்டக் கறந்த காம்பில் மறுபடி விடுகின்றனர். கொழுப்பு மிகுந்த கடைசிப் பாலும் பாத்திரத்துக்கே போய்விடுகிறது. அன்று மாலைக் கறவைக்குப் பின் கன்றை ஊட்டவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுக் காட்டினேன். 400 கிராம் கூடியிருந்தது. காலையிலும் அவ்வளவே என்று கொண்டால் நாளுக்கு 800 கிராம். இதைவிடச் சிறிய 25 கிலோக் கன்று எடை கூடாமல் உயிரோடு நிற்பதற்கே ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டும் என்றபோது அவர் முகம் மாறியது.

அமெரிக்காவில் இறைச்சிக்காக மாடு வளர்ப்போர் தாயைக் கறப்பதே இல்லை. கன்று மேய்ச்சல் நிலத்தில் தாயோடு ஆறேழு மாதம் ஊட்டிக்கொண்டு திரியும். 205ஆம் நாளுக்குக் கணக்கிட்ட எடையைக் கொண்டே தாயின் பாலை மதிப்பிடுவார்கள். நாமோ செவலை நிறம் மறைந்ததைப் பார்த்துக் கன்று தேறிவிட்டது என்கிறோம். காங்கேயம் கன்றின் செம்மை ஆறு மாதத்தில் எப்படியும் மறையும். நிறம் வயதைக் காட்டும், எடையைக் காட்டாது.

அதற்காகப் பால் கூடுதலாகச் சுரக்கும் மாடாகப் பார்த்து வாங்கிவிட்டால் தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். வறண்ட மேய்ச்சலில் அதிகம் சுரக்கும் மாடு தன் உடம்பைக் கரைத்துத்தான் சுரக்கும். இடுப்பெலும்பு துருத்திய மாடு எளிதில் பருவத்துக்கு வராது, அடுத்த ஈற்று தள்ளிப்போகும். நிலம் தாங்கும் அளவுக்குப் பாலும், கோடையில் தாய்க்குக் கொஞ்சம் அடர்தீவனமும், தாது உப்பும் இருந்தால் கன்றும் தேறும், தாயும் சினை பிடிக்கும்.

கன்று விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டுங்கள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள், ஒரு நாள் கழிந்தால் அதன் நோய் எதிர்ப்புப் பொருளைக் குடல் ஏற்காது. முதல் இரண்டு மாதம் நாளொன்றுக்குக் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்குப் பால் அதற்கே உரியது. மூன்று லிட்டருக்குள் கறக்கும் மாடாக இருந்தால் உங்கள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். அதற்குமேல் சுரந்தால், நம் பெரியவர்கள் செய்ததுபோல இரண்டு காம்பைத் தொடாமல் விடுங்கள். பத்தாம் நாளிலேயே குடற்புழு மருந்துக்கு மருத்துவரிடம் கேளுங்கள், தாய்ப்பால் வழியாகவே புழு இறங்கும். மாதம் ஒரு முறை எடை போட்டுக் குறித்து வையுங்கள். தராசு இல்லை என்று சொல்லாதீர்கள், தேங்காய் எடை போடும் தராசே போதும்.

வைகாசியில் பிறந்த கன்றாக இருந்தால், ஐப்பசி மழை விழுந்து கொறங்காடு துளிர்க்கும் வரையாவது பாலை மறக்கடிக்க வேண்டாம்.